ராத்தா ஏறிய வண்டியும் அதன் விளக்குப் பலகையும்

என் கணவர் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது குடவாசலில் எங்கள் தெருவே கூடிவிட்டது. அதை வேன் என்று சொல்வதா, வீடு என்று சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. வெளியே இருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்தான். உள்ளே ஏறினால் ஒரு கட்டில், மடக்கினால் சோபாவாகும் இன்னொரு கட்டில், ஒற்றை அடுப்பு, சின்ன சிங்க், இடுப்பளவு ஃப்ரிட்ஜ். பின்பக்க மூலையில் கதவு போட்ட ஒரு டாய்லெட், அதற்குள்ளேயே குளிக்க ஒரு ஷவர். படப்பிடிப்புக்கு நடிகர்கள் கொண்டுவருவார்களே கேரவன், அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

அவர் மஸ்கட்டில் பல வருடம் வண்டி ஓட்டியவர். விடுமுறை நாட்களில் அங்கே குடும்பம் குடும்பமாக வந்து, கடற்கரையில் கேரவனை நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை இது. ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, மேற்கே எங்கோ ஒரு பட்டறைக்காரர் பழைய வேன்களை இப்படி மாற்றிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் ஆயிரம் கேள்வி கேட்பேன் என்று தெரியும். அதனால் வண்டியோடுதான் வந்து சொன்னார்.

நான் கோபப்படுவதா சிரிப்பதா என்று நின்றுகொண்டிருக்கும்போதே அடுத்த தெருவிலிருந்து என் அக்கா வந்துவிட்டாள். எங்கள் வீடுகளில் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் கணவருக்கும் அவள் ராத்தாதான்.

ராத்தாவுக்கு இதயத்தில் கொஞ்சம் பலவீனம். அதற்காகத் தினமும் காலையில் நீர் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டால் உடம்பில் தேங்கும் நீர் இறங்கிவிடும், கால் வீங்காது. ஆனால் அடிக்கடி பாத்ரூம் போயாக வேண்டும். வீட்டில் இருந்தால் இது ஒரு தொந்தரவே இல்லை. வெளியூர் என்றால்தான் சிக்கல். பஸ்ஸை யார் நிறுத்துவார்கள்? நிறுத்தினாலும் எங்கே போவது? ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மாத்திரையும் போடாமல் தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டு, கால் இரண்டும் வீங்கி வந்து சேர்ந்தாள். டாக்டர் திட்டிய திட்டில் அன்றோடு வெளியூர்ப் பயணத்தையே விட்டுவிட்டாள். கும்பகோணம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே போய்க்கூட அவளுக்கு வருடக்கணக்கு ஆகிவிட்டது. எங்கே யார் கூப்பிட்டாலும் முதல் ஆளாகக் கிளம்புகிறவள், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லப் பழகியிருந்தாள்.

அவள் வண்டிக்குள் ஏறினாள். கட்டிலைப் பார்க்கவில்லை, ஃப்ரிட்ஜைப் பார்க்கவில்லை. நேரே பின்னால் போய் அந்தக் கதவைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"தம்பி, இதுல தண்ணி வருமா?"

என் கணவர் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினார். தண்ணீர் சுழன்று இறங்கியது.

"இது எங்க போவும்?"

"கீழ தனியா ஒரு டேங்க் இருக்கு ராத்தா. அதுல சேந்துக்கும்."

"ரொம்பிட்டா?"

"ரொம்புறதுக்கு முன்னாடியே சொல்றதுக்குத்தான் இது" என்று அவர் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்த ஒரு கறுப்புப் பலகையைத் தட்டினார்.

நான் அந்தப் பலகையைக் கவனித்தது அப்போதுதான். டிபன் டப்பா மூடி அளவு இருந்தது. அதில் வரிசை வரிசையாகச் சின்ன விளக்குகள். ஓரத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால்தான் விளக்குகள் எரியும், விட்டால் அணைந்துவிடும். முதல் வரிசையில் ஃப்ரெஷ் என்று எழுதியிருந்தது. அது நாம் பயன்படுத்தும் நல்ல தண்ணீர். இரண்டாவது வரிசை கிரே. பாத்திரம் கழுவியது, குளித்தது, கை அலம்பியது எல்லாம் போய்ச் சேரும் டேங்க். மூன்றாவது வரிசை பிளாக். டாய்லெட்டிலிருந்து போகிறது அங்கே. கடைசி வரிசை பேட்டரி. டேங்குகளின் வரிசை ஒவ்வொன்றிலும் காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, நிறைவு என்று நான்கு விளக்குகள். கழிவு டேங்குகளுக்கு மட்டும் நிறைவு விளக்கு சிவப்பு.

ராத்தா தானே பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பிளாக் வரிசையில் முதல் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது.

"காலி" என்றேன்.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, "திருக்காட்டுப்பள்ளி போவோமா?" என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாகூர் போவோமா, வேளாங்கண்ணிக் கடற்கரைக்குப் போவோமா என்று கேட்டிருந்தால் புரிந்திருக்கும். திருக்காட்டுப்பள்ளியில் என்ன இருக்கிறது?

"காவேரிலேர்ந்து குடமுருட்டி பிரியிற எடம் அங்கதான் இருக்காம். இத்தினி வருசமா அந்த ஆத்துத் தண்ணிலயே பொழங்குறோம். அது எங்க பிரியுது, எப்டிப் பிரியுதுன்னு ஒரு தடவ பாக்கணும்."

ஆடி மாதம். மேட்டூர் திறந்து ஆறுகளெல்லாம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தன. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று அந்த வாரமே கிளம்பினோம்.

நான் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இயந்திரங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மிக்ஸி ஓடவில்லை என்றால் தலையில் இரண்டு தட்டு தட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். ஆனால் ஓட்டுவது அவர் வேலை, ஊர் பார்ப்பது ராத்தாவின் வேலை என்று ஆகிவிட்டதால் சமையலோடு சேர்த்து அந்தப் பலகையும் என் பொறுப்புக்கு வந்தது.

கிளம்பும்போது எல்லாம் சரியாக இருந்தது. நல்ல தண்ணீர் நிறைய, மற்ற இரண்டும் காலி, பேட்டரி வரிசையில் அத்தனை விளக்கும் எரிந்தன. ராத்தா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எங்கள் எதிரிலேயே ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, குறுவைப் பயிர் தலை நிமிர்ந்து நிற்பதையும் வாய்க்கால் மதகில் தண்ணீர் நுரைத்து விழுவதையும், "இங்க பாரு, இங்க பாரு" என்று என் தோளை இடித்து இடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். நானும் தினம் பார்ப்பதுதான். ஆனாலும் அன்றைக்குப் புதிதாக இருந்தது.

முதல் நிறுத்தம் தாராசுரம். கோயிலின் கல் சிற்பங்களைப் பார்க்க வேண்டும் என்பது ராத்தாவின் இன்னொரு நீண்டநாள் ஆசை. வண்டியை நிழலில் போட்டுவிட்டு, மதியத்துக்கு அரிசியும் பருப்பும் களைந்து வைத்தேன். காய்களையும் கழுவி நறுக்கினேன். என் கணவர் புழுதி போக, முகம் கை கால் எல்லாம் தாராளமாகக் கழுவினார். தண்ணீரை அவர் எப்போதும் அப்படித்தான் செலவழிப்பார். ராத்தா டாய்லெட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் முதல் வேலையாகப் பொத்தானை அழுத்தினாள்.

பிளாக் வரிசையில் இரண்டாவது விளக்கு எரிந்தது.

"அதுக்குள்ள ஏறிடுச்சே" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"வண்டி ஓடி வந்ததுல தளும்பி இருக்கும் ராத்தா" என்று சமாளித்தேன். எனக்கும் காரணம் தெரியவில்லை.

அதற்குள் என் கணவர் பேட்டரி வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கிளம்பும்போது முழுவதும் எரிந்த விளக்குகளில் இப்போது பாதிதான் எரிந்தன. நான் பதறினேன்.

"பயப்படாத. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும். அப்ப அழுத்திப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும். நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் விட்டுப் பாக்கணும். அப்ப காட்டுறதுதான் உண்மை."

இது எனக்குப் பிடித்திருந்தது. பலகை பொய் சொல்வதில்லை, எப்போது கேட்கிறோம் என்பதையும் பொறுத்துப் பதில் சொல்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திவிட்டு இறங்கினோம்.

வெளியே ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய பெண்கள் எங்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

"எந்த நடிகருங்க வந்திருக்காங்க?" என்று ஒருவர் என் கணவரிடம் கேட்டார்.

அவர் பதில் சொல்லும் முன்னே ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாகப் படி இறங்கினாள். கூட்டம் வழி விட்டது. அவள் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் யாரோ என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பெண் வந்து செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எடுத்துக்கம்மா" என்றாள் ராத்தா, ரொம்ப இயல்பாக.

கோயிலுக்குள் போகும் வரை நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அவள் அடக்கவே இல்லை. யானைகளும் குதிரைகளும் செதுக்கிய அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தூண் தூணாக நின்று பார்த்தாள். சிறிய சிறிய நடனப் பெண்களை விரலால் தொடாமல் சுட்டிக் காட்டி, "இவ முகத்தப் பாரு, வீட்டுக்காரன்கிட்ட கோவிச்சுக்கிட்டு ஆடுறா" என்றாள். அவசரப்படாமல் பார்த்தாள். வெளியே வண்டி நிற்கிறது என்ற தைரியம்தான்.

பாபநாசம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் மதியச் சமையல். சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், வாங்கி வந்த வறுத்த மீன். சாப்பிட்டதும் நான் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவினேன். என் கணவர் வெயிலில் வண்டி ஓட்டிய களைப்புத் தீரப் புதிய ஷவரில் குளிக்கப் போனார். உள்ளே பாட்டுச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் வெகுநேரம் கேட்டன. அவர் வந்த பிறகு ராத்தா போனாள்.

திரும்பி வந்து பொத்தானை அழுத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிளாக் வரிசையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ரொம்பிடுச்சு" என்றாள். "நான்தான். காலைலேர்ந்து நான்தானே போயிட்டுப் போயிட்டு வர்றேன்."

"ராத்தா, மூணு பேரும்தானே போனோம்."

"நீங்க ஒருக்கா போனீங்க. எனக்குத் தெரியாதா?" கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "திரும்பிடுவோம் தம்பி. தாராசுரம் பாத்தாச்சு. அது போதும்."

என் கணவர் பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: "சில நேரம் டேங்க் சுவர்ல ஏதாவது ஒட்டிக்கிட்டா காலியா இருந்தாலும் ஃபுல்லுன்னு காட்டும் சார். ஆனா புது டேங்க், அப்படி ஆகக் கூடாது. ரொம்பி இருந்தா மட்டும் மேல ஊத்தாதீங்க. திரும்பி வந்துடும்."

திரும்பி வந்துவிடும் என்ற வார்த்தை எங்கள் மூவரையும் டாய்லெட் கதவைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ராத்தா குடிப்பதற்காக எடுத்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை மெதுவாக மூடி ஓரமாக வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பலகைக்கு முன்னால் போய் நின்று பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ராத்தா பார்ப்பதெல்லாம் பிளாக் வரிசை மட்டும்தான். அவள் பார்த்ததால் நாங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் படித்தேன். ஃப்ரெஷ், மூன்றில் ஒன்று. சரிதான், நிறையச் செலவழித்திருந்தோம். கிரே, காலி.

காலியா?

காலையிலிருந்து அரிசி களைந்தேன், காய் கழுவினேன், மூன்று பேர் சாப்பிட்ட பாத்திரம் தேய்த்தேன். இவர் குளித்த குளியலுக்கு ஒரு குட்டையே நிரம்பியிருக்கும். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே?

இறங்கிப் போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை, தரை காய்ந்து கிடந்தது. நூலகத்தில் ஒரு புத்தகம் தட்டில் இல்லையென்றால் நான் தொலைந்துவிட்டது என்று உடனே நினைக்க மாட்டேன். பக்கத்துத் தட்டில்தான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் முதுகில் தப்பான எண் ஒட்டி, சமையல் புத்தகம் சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

"என்னங்க" என்றேன். "இந்த ரெண்டு டேங்குக்கும் வர்ற வயரு மாறியிருக்குமோ?"

அவர் யோசித்தார். "இருக்கலாம். எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"டாய்லெட்ல தண்ணிய ஊத்துவோம். பிளாக் நெஜமாவே ரொம்பி இருந்தா..."

"திரும்பி வந்துடும்" என்று முடித்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பாப்போம். ஏறலேன்னா இன்னும் ஊத்துவோம்."

ராத்தா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். "வேணாம் புள்ள, அசிங்கமாயிடும்" என்று சொன்னாளே தவிர, பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று பொத்தானில் விரலை வைத்துக்கொண்டாள். என் கணவர் பக்கத்து வயலின் பம்புசெட்டுக்காரரிடம் கேட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வந்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டாய்லெட்டுக்குள் நின்றேன்.

ஒரு மக் ஊற்றினேன். இறங்கியது. இன்னொரு மக். அதுவும் இறங்கியது.

"என்ன காட்டுது?"

"பிளாக்கு செகப்பு. கிரே காலி" என்றாள் ராத்தா.

வாளியைச் சாய்த்தேன். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் தண்ணீர் உள்ளே போனது. நிரம்பிய டேங்க் இவ்வளவு குடிக்காது என்ற தைரியம் எனக்கு வந்துவிட்டது. அடுத்த வாளியை முழுசாகக் கவிழ்த்தேன். அதற்கடுத்ததையும்.

"இப்ப?"

காலி வாளியைக் கீழே வைத்தேன்.

"ராத்தா, இப்ப என்ன காட்டுது?"

"எரிஞ்சிருச்சு!" என்று ஒரு கத்து கத்தினாள். "கிரேல ரெண்டாவது எரிஞ்சிருச்சுடீ! நீ டாய்லெட்ல ஊத்துற, அது கிரேல ஏறுது!"

நான் ஈரக் காலோடு ஓடி வந்து பார்த்தேன். உண்மைதான். பிளாக்கின் சிவப்பு அசையவே இல்லை. கிரேயில் இரண்டாவது விளக்கு புதிதாக எரிந்துகொண்டிருந்தது. கீழே டேங்குகள் சரியாகத்தான் இருந்தன. மேலே பலகைக்கு வந்த வயர்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. பிளாக் என்று எழுதிய இடத்தில் எரிந்த சிவப்பு என் சமையலறைத் தண்ணீர், என் கணவரின் குளியல். ராத்தா காலையிலிருந்து செய்த பாவமெல்லாம் அந்த டேங்கில் ஒரு விளக்கைக்கூட நகர்த்தவில்லை. அதை நகர்த்த எனக்கு இத்தனை வாளி தேவைப்பட்டது.

அதை நான் சொல்லி முடித்ததும் ராத்தா என் கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப ரொப்புனது நீங்களா தம்பி?"

"நான்தான் ராத்தா" என்று அவர் தலைகுனிந்து நின்ற அழகில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டிலில் விழுந்து சிரித்தாள். மூச்சு வாங்குமே என்று நான் பயந்து முதுகைத் தடவினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், ஓரமாக வைத்த பாட்டிலை எடுத்துத் திறந்து, அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் அண்ணாந்து குடித்தாள்.

நிரம்பிய சமையல் தண்ணீரை அங்கேயே திறந்துவிடலாம் என்று இவர் சொன்னார். சோப்புத் தண்ணீர் பயிரில் போகும் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. திருவையாறு தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். டீசல் போட்டுக்கொண்டு, அங்கிருந்தவர்களிடம் கேட்டு, அவர்களுடைய கழிவுநீர்த் தொட்டியில் குழாயை இறக்கினோம். சமையல் டேங்கின் வால்வை இவர் திறந்தார். ராத்தா உள்ளே பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக அறிவித்தாள்: "செகப்பு போச்சு... இன்னொண்ணும் போச்சு... காலி, காலி! மூடுங்க தம்பி!" பங்க்கில் டீசல் போட வந்த டிராக்டர்க்காரர் ஒருவர் வண்டிக்குள் யாருக்கோ பிரசவமோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அங்கேயே மருந்துப் பெட்டியிலிருந்து இரண்டு பிளாஸ்திரி எடுத்து ராத்தாவிடம் கொடுத்தேன். பேனாவால் ஒன்றில் "அடுப்படி" என்றும் மற்றதில் "கக்கூஸ்" என்றும் எழுதினாள். பிளாக் மேல் அடுப்படியை ஒட்டினாள், கிரே மேல் கக்கூஸை ஒட்டினாள். நல்ல தண்ணீர் டேங்கையும் அங்கேயே மூன்றில் இரண்டு வரை நிரப்பிக்கொண்டோம்.

திருக்காட்டுப்பள்ளியை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆற்றோரம் சரிவான ஒரு பாதையில் இவர் வண்டியை நிறுத்தினார். டீக்குத் தண்ணீர் எடுக்கும் முன் பழக்கத்தில் பொத்தானை அழுத்தினேன். சற்று முன் நிரப்பிய நல்ல தண்ணீர் டேங்க், காலி என்று காட்டியது. காலையாக இருந்தால் அலறியிருப்பேன். இப்போது ஜன்னல் வழியே தரையைப் பார்த்தேன். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"என்னங்க, வண்டிய கொஞ்சம் முன்னாடி எடுத்துச் சமமா நிறுத்துங்க. தண்ணியெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு."

எடுத்து நிறுத்தினார். மூன்றில் இரண்டு வரை மூன்று விளக்குகளும் வரிசையாக வந்து எரிந்தன. எனக்குள் ஒரு பெருமை. யாரும் கவனிக்கவில்லை என்பதால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். காவேரி மண் நிறத்தில், பேச்சில்லாமல், ஆனால் வேகமாக வந்துகொண்டிருந்தது. மதகுகளுக்குப் பக்கத்தில் ஒரு பங்கு தண்ணீர் சத்தமில்லாமல் திரும்பிக் குடமுருட்டியாகப் போனது. பெரிய காட்சி என்று சொல்ல முடியாது. ஆறு ஒரு பக்கமாகப் போகிறது, அதில் கொஞ்சம் இன்னொரு பக்கமாகப் போகிறது, அவ்வளவுதான். ராத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோதானா ராத்தா?" என்று கேட்டார் இவர்.

"இவ்ளோதான் தம்பி. நல்லாருக்குல்ல?" என்றாள். பிறகு, "இன்னொரு டீ கெடைக்குமா?" என்று டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

அன்றிரவு ஊருக்குள் பெரிய பங்க் ஒன்றின் வளாகத்தில் தூங்கிவிட்டு, காலையில் மறுபடி ஆற்றங்கரைக்கே வந்தோம். நான் காலைப் பலகாரத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துறையில் துணி துவைக்க வந்த பெண்கள் சிலர் வண்டியை வேடிக்கை பார்த்தார்கள். ராத்தா அவர்களை, "வெளில நின்னு என்ன பாக்குறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். ஈரப் புடவையோடு தயங்கித் தயங்கி ஏறினார்கள்.

அவர்களுக்கு அவள் கட்டிலைக் காட்டவில்லை, ஃப்ரிட்ஜையும் காட்டவில்லை. டாய்லெட் கதவைத் திறந்து காட்டினாள். பிறகு பலகைக்கு முன்னால் நிறுத்தி பொத்தானை அழுத்தினாள்.

"இது நல்ல தண்ணி. இது பேட்டரி, வண்டி ஓடும்போது இத நம்பாதீங்க. இது ரெண்டும்தான் முக்கியம். செஞ்சவங்க மாத்தி மாட்டிட்டாங்க. நாங்க கண்டுபுடிச்சு பேரு மாத்திட்டோம்."

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்றாள் ஒருத்தி.

ராத்தா அடுப்புப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். கரண்டியும் கையுமாக நின்ற என்னைக் காட்டி, "எந்தங்கச்சிதான். லைப்ரரில இருக்கா" என்றாள். ஏதோ விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறேன் என்று சொல்கிற தோரணை.

அவர்களில் கொஞ்சம் வயதான ஒரு பெண்மணி டாய்லெட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ராத்தாவின் காதருகே குனிந்து மெதுவாக ஏதோ கேட்டார். ராத்தா தலையாட்டினாள்.

"தாராளமா போயிட்டு வாங்கக்கா" என்றாள். "எடம் நெறைய இருக்கு."

அதற்குப் பிறகு நாகூர் போய் வந்துவிட்டோம், முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டுக்கும் போய் வந்துவிட்டோம், ராத்தா கால் வீங்காமல் ஒரு கல்யாணத்துக்கும் போய்ப் பந்தி முடியும் வரை இருந்துவிட்டு வந்தாள். பட்டறைக்காரர் போனில் வருத்தப்பட்டு, வண்டியைக் கொண்டுவந்தால் வயரைச் சரியாக மாற்றித் தருவதாகச் சொன்னார். இவரும் போகலாம் என்றார். ராத்தா விடவில்லை.

"பழகிடுச்சு தம்பி. இப்பப் போயி மாத்துனா மறுபடியும் மொதல்லேர்ந்து கத்துக்கணும்" என்றாள். பிறகு அடுத்த மாதம் ஏற்காடு குளிருமா என்று கேட்டாள்.